உலைக்குப் போகும் சிப்பிகள்

எங்கள் குடியிருப்பு மன்றத்தின் ஆண்டு மலரில் வருடம் தவறாமல் ஒரு பயணக் கட்டுரை வரும். விடுப்புப் பயணச் சலுகையில் காஷ்மீர் போனவர், மணாலியில் ஐஸ் கட்டியைக் கையில் எடுத்தவர், டார்ஜிலிங்கில் ஸ்வெட்டர் வாங்கி ஏமாந்தவர் என்று யாராவது எழுதுவார்கள். இந்த வருடம் யாரும் எங்கும் போகவில்லை போலிருக்கிறது. மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் கேன்டீனில் என்னைப் பிடித்து, "நாலு நாள் லீவு போட்டீங்களே, எங்க போனீங்க? அத எழுதிக் குடுங்க" என்றார்.

நான் போனது அம்பத்தூருக்கும் திருமழிசைக்கும் கொரட்டூருக்கும். ஆவடியிலிருந்து சைக்கிளிலேயே போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறேன். அந்த நான்கு நாட்களில் நான் பேசியது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களிடம்தான்.

என் மகள் வாசுகி நிலவியல் படிக்கிறாள். முதுகலை இரண்டாம் வருடம். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அந்தக் கடலில் கிடந்த சிப்பியும் நத்தையும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தாங்களும் கல்லாகி இன்னும் கிடக்கின்றன. இரண்டு கோடை அங்கே ஓடைகளில் அலைந்து முப்பத்தொரு புதைபடிவங்கள் கொண்டுவந்தாள். அவள் அங்கே இருந்த நாட்களில் எனக்குச் சுண்ணாம்புச் சுரங்க வெடி, பாம்பு, வெயில், லாரிக்காரர்கள் என்று முறைவைத்து வந்துபோகும் பயங்கள். ஒவ்வொரு தபாலிலும் தொப்பி போட்டுக்கொள்ளும்படி எழுதுவேன்.

அந்தக் கற்கள் எங்கள் பால்கனி அலமாரியில் செய்தித்தாள்மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாள். எண், பெயர், எடுத்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு, தரையிலிருந்து எத்தனை அடி, எல்லாம் பொடி எழுத்தில். மூன்று வாரத்தில் வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து கற்களைக் கையில் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்பார் என்று சொல்லியிருந்தாள்.

நான் ஆவடித் தொழிற்சாலையில் துரு நீக்கும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவன். சோதனை அதிகாரி முன்னால் போகிற எந்த இரும்பு உறுப்பும் எங்கள் அமிலத் தொட்டியில் முங்கி எழாமல் போகாது. பழுப்பாக உள்ளே போவது வெள்ளையாக வெளியே வரும். அது எங்களுக்கு ஒரு மரியாதை. அழுக்கோடு அதிகாரி முன்னால் வைத்தால் பிரிவுக்கே கேவலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கமலாவும் வாசுகியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் பால்கனியில் நின்று கற்களைப் பார்த்தேன். எல்லாம் பழுப்பும் செம்மண் நிறமுமாக இருந்தன. என் கண்ணுக்கு அது துரு. இதையா தேர்வாளர் முன்னால் வைப்பாள் என்று தோன்றியது. பட்டாபிராம் கடையிலிருந்து கழிவறை கழுவும் ஆசிட் இரண்டு பாட்டில் வாங்கிவந்தேன். பிரிவில் கலக்கும் அதே அளவில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கலந்தேன். காகிதத் துண்டுகளை நனைத்து ஒன்றும் கிழியாமல் எடுத்து, தட்டில் வரிசையாகக் காயவைத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பிறகு கற்களை உள்ளே இறக்கினேன்.

நுரைத்தது. இரும்பைப் போட்டாலும் நுரைக்கும். நுரைத்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது கல் என்றே எனக்குப் படவில்லை. துருப்பிடித்த உறுப்புகளாகத்தான் பட்டது. கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது சுருள் சுருளாக இருந்தவை பாதி தேய்ந்த குளியல் சோப்பு மாதிரி இருந்தன.

வாசுகி வந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, விரலால் தடவி, கீழே வைத்தாள். எட்டுக் கல் சுண்ணாம்பு இல்லாத வேறு ஜாதி, அவை தப்பிவிட்டன. இருபத்து மூன்று போய்விட்டன. கடைசிக் கல்லை வைத்துவிட்டு, "எவ்ளோ நேரம்ப்பா வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் துணி எடுத்துவைத்தாள்.

கமலாதான் பேசினாள். "ஃபாக்டரிய வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இவ ரெண்டு வருஷ உழைப்ப வாளியில கரைச்சிட்டு நிக்கிறீங்களே." அன்று சாயங்காலமே இருவரும் கொரட்டூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து கல்லூரிக்கு ரயில் பக்கம் என்பது பக்கத்து வீட்டாரிடம் சொன்ன காரணம்.

அடுத்த நாள் கேன்டீனில் பேச்சுவாக்கில் ஒருவர் சொன்ன தகவல்தான் என்னைக் கிளப்பியது. இரும்பு உருக்கும் பட்டறைகளில் உலைக்குள் இரும்போடு சுண்ணாம்புக் கல்லும் போடுவார்கள், அழுக்கைப் பிரித்துக் கசடாக்குவதற்கு. "அரியலூர்க் கல்லு சார். அம்பத்தூர்ல, திருமழிசைல குமிச்சு வச்சிருப்பான். கூடை கூடையா அள்ளலாம்" என்றார். அரியலூருக்கே போகலாம்தான். ஆனால் ஐப்பசி மழையில் அங்கே ஓடைகளில் தண்ணீர் ஓடும், எந்த ஓடை என்றும் எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது, அழிந்த கற்களின் இருபத்து மூன்று காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற ஒரு கல் கிடைத்தால் ஒட்டிவிடலாம். ஒரு உறுப்பு உடைந்தால் அதே எண்ணில் வேறு உறுப்பு போடுகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. துண்டுகளை டிபன் பாக்ஸில் வைத்து மூடி, லீவு எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் அம்பத்தூர் தொழிற்பேட்டை. எங்கள் தொழிற்சாலையில் சாலைகள் நேராக இருக்கும், மரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளையடித்திருக்கும், சைரன் ஊதினால் ஆயிரம் சைக்கிள் ஒன்றாகத் திரும்பும். இங்கே ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சட்டம். ஒரு கேட்டில் இரும்புத் தூள் ஆரஞ்சு நிறச் சேறாக வழிந்து ஓடுகிறது, பக்கத்துக் கேட்டில் பிஸ்கட் வாசனை வருகிறது.

முதல் பட்டறையில் சட்டைப் பையில் பேனாவும் கையில் நோட்டுமாக நின்ற என்னைப் பார்த்ததும் மேனேஜர் ஓடி வந்தார். நாற்காலி போட்டார். குடிக்கக் கலர் வாங்கிவர ஆள் அனுப்பினார். "சார் எந்த டிபார்ட்மென்ட்?"

"டிபார்ட்மென்ட் எல்லாம் இல்லீங்க. உங்க சுண்ணாம்புக் கல் குவியலக் கொஞ்சம் பாக்கணும்."

அவர் முகம் இன்னும் வெளுத்தது. "சார், கல்லுக்கு எல்லாத்துக்கும் பில் இருக்கு சார்."

மகளின் படிப்புக்காக என்று புரியவைக்க அரை மணி நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலர் வரவில்லை.

குவியல் பின்பக்கம் இருந்தது. மழை விட்டிருந்தது. குத்துக்காலிட்டு ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். வழவழப்பான சாம்பல் கல். உடைத்தால் உள்ளேயும் அதே சாம்பல். இரண்டு மணி நேரத்தில் ஒரு சிப்பித் துண்டு, ஒரு நகம் அளவுக்கு. கொஞ்சம் தள்ளி, வார்ப்பு அச்சுக்கான மோல்டிங் மண் சலித்துக்கொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளிகள் இருவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். இந்தியில்தான். "நம்ம ஊர்ல புத்தி கலங்குனவன் மரத்தடியில உக்காருவான். இங்க கல் குவியல்ல உக்காருறான்." இன்னொருவன் சொன்னான்: "சட்டை நல்ல சட்டையா இருக்கு. சமீபத்துலதான் கலங்கியிருக்கும்." எங்கள் பிரிவில் வடநாட்டுக்காரர்கள் பாதிப் பேர். எனக்கு இந்தி நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரியே புரட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கமலா செய்யும் வடகறியில் பட்டை தூக்கலாக இருக்கும், இதில் பூண்டு. இரண்டாவது பட்டறையில் குவியலே இல்லை. அன்றைக்கு நோட்டில் நான் எழுதியது ஒரு வரிதான். வீட்டுக்கு வந்து பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் பூந்தமல்லிக்குப் போகும் பேருந்து தண்ணீரில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். முழங்கால் வரை தண்ணீர். எனக்குப் பக்கத்தில் தள்ளிய பூ வியாபாரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஒரு கையால் தள்ளினார். கண்டக்டர் மட்டும் படியில் நின்றுகொண்டு, "தம் கட்டித் தள்ளு, தம் கட்டித் தள்ளு" என்று கத்தினார்.

"நீயும் எறங்கித் தள்ளேன் நைனா, கால் கரைஞ்சிடுமா?" என்றார் பூ வியாபாரி.

"நான் எறங்கினா யாரு விசில் ஊதறது?" என்றார் கண்டக்டர்.

பேருந்து கிளம்பவில்லை. மீதித் தூரம் நடந்தும் ஒரு காய்கறி வேனில் நின்றும் திருமழிசை போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அங்கே வயலும் பட்டறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம், அந்தப் பக்கம் நாற்றில் கொக்கு.

இந்தப் பட்டறையில் கல் குவியலின்மேல் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். உலைக்குள் போடும் கல் கைப்பிடி அளவு இருக்க வேண்டுமாம். மேஸ்திரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் குவியலின் மறுபக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா சார் தேடிக்கினு கீற? மோதிரம் கீதிரம் தொலச்சிட்டியா?"

சிப்பி, நத்தை மாதிரி உருவம் இருக்கும் கல் வேண்டும் என்றேன். டிபன் பாக்ஸைத் திறந்து துண்டுகளையும், நோட்டில் நான் நினைவிலிருந்து வரைந்து வைத்திருந்த கோணல் படங்களையும் காட்டினேன்.

"இதா? இத்த நான் தூக்கிப் போட்டுடுவேன் சார். சிப்பிக் கல்லு சுத்தி பட்டா சிதறி கண்ல பூந்துடும். இப்டி ஓரமா போடுவேன். அப்பால உலைக்காரன் வந்து அள்ளிக்கினு பூடுவான்." சுவரோரம் கை காட்டினாள். அங்கே ஒரு சிறு குவியல் தனியாக இருந்தது. மழை அதைக் கழுவிவைத்திருந்தது.

அந்தக் குவியலுக்கு முன்னால் நான் உட்கார்ந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் கல்லிலேயே ஒரு சிப்பி முழுதாக, கொக்கி மாதிரி வளைந்த உதட்டோடு இருந்தது. அடுத்ததில் ஒரு சுருள், கயிற்றைச் சுற்றிவைத்தது போல வரிவரியாக. அம்மோனைட் என்று வாசுகி சொல்வாளே, அது. இன்னொன்று உருண்டை, அதன் மண்டையில் ஐந்து இதழ் பூ. கடல் முள்ளெலி. ஒரு தடவை அவள் அதை என் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கு வாய் எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாள். நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். இப்போது திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம், நடுவில், ஒரு சின்னப் பள்ளம். சொல்ல ஆள் இல்லை.

அவள் பெயர் பேபி. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து கருவாட்டுக் குழம்பு சோற்றில் ஒரு பங்கை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் வேண்டாம் என்றேன். "துன்னு சார். ஊட்ல ஆக்கிப் போட ஆள் இல்லன்னு உன் சட்டையப் பாத்தாலே தெரியுது. காலர மடிக்காம வந்துகீற." சாப்பிட்டேன். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. நல்ல வேளையாகக் காரம் இருந்தது.

"பொண்ணு படிப்புக்கா? அது ஏன் வரல?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் சுத்தியலை நிறுத்தினாள்.

"ஆசிட்ல போட்டியா? நான் உடச்சேன்னா கூலிக்கு உடைக்கறேன். நீ சும்மா குந்திக்கினு இருந்தவன் ஏன் சார் உடச்ச?"

நான் அடுத்த கல்லைப் புரட்டினேன். அவளும் மறுபடி சுத்தியலை எடுத்தாள். நாளைக் காலை உலை மூட்டுகிறார்கள், அதற்குள் வந்தால்தான் மிச்சம் கிடைக்கும் என்று எச்சரித்தாள்.

நான் கிளம்பும்போது ஒரு லாரி கல் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் தெலுங்குக்காரர். அரியலூரிலிருந்தா என்று கேட்டேன். தெலுங்கில் சொன்னார்: "இது கடப்பா பக்கம். போன லோடு அரியலூர். அதுக்கு முந்தினது யாருக்குத் தெரியும்? எங்க கிடைக்குதோ அங்க ஏத்துவோம். கல்லுக்கு என்ன ஊரு?" கிளீனர் சிரித்தான். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். கேட்காதவன் மாதிரி நடந்தேன். இதை இங்கே எழுதிவிட வேண்டும். எந்தக் கல் எந்த ஊர் என்று சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் போய்விட்டேன். எனக்கு முன்னாலேயே பேபி வந்திருந்தாள். ஒரு சாக்கின்மேல் பதினோரு கல் வரிசையாக வைத்திருந்தாள். "நேத்து நீ போனப்பறம் பொறுக்கினது. இத்த பாரு, பூரான் மாதிரி கீது." அது ஒரு நீளச் சுருள் நத்தை.

உலை மூட்டும் நாளில் பட்டறைக்கு ஒரு கோயில் களை வந்துவிடுகிறது. உலைக்குப் பொட்டு, எலுமிச்சம்பழம், சூடம். மேடை மேலே நிற்கிறவர்கள் கோக் கரி, இரும்பு, கல் என்று கூடை கூடையாக உள்ளே கவிழ்க்கிறார்கள். நான் அள்ளுகிறவர்களின் மண்வெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொறுக்கினேன்.

"அண்ணாத்தே, எந்திரி. காலோட சேத்து அள்ளிடுவேன்."

"ஒரு நிமிஷம்ப்பா."

"உலை ஒரு நிமிஷம் நிக்குமா? உன் கடியாரத்த அதுக்குக் காட்டு."

கையளவு ஒரு அம்மோனைட் கூடையில் மேலே போவதைப் பார்த்தேன். வரிகள் அவ்வளவு தெளிவு. எழுந்து கத்துவதற்குள் கவிழ்ந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாளியில் இருபது நிமிடம் ஆனது இங்கே சீக்கிரம் ஆகும். ஆனால் அவர்கள் இரும்புக்காகப் போடுகிறார்கள்.

ஒரே ஒரு துண்டு பாக்கி இருந்தது, வாசுகியின் எண் ஒன்று. தட்டு அளவு பெரிய அம்மோனைட். அப்படி ஒன்று அந்தப் பட்டறையிலேயே இருந்தது, ஆனால் உலைக்குப் பக்கத்துச் சாமி மாடத்தில். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தி. "சாளக்கிராமம் சார். கல் குவியல்ல கெடச்சுது. அது வந்தப்பறம் ஒருத்தனுக்கும் தீக்காயம் இல்ல" என்றார் மேஸ்திரி. என் பார்வையைக் கவனித்துவிட்டு, "வேணும்னா பாப்பா படிப்புக்கு எடுத்துக்குங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மேடையில் நின்ற ஆட்களின் கைகளைப் பார்த்தேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது பேபிக்கு என்ன கொடுப்பது என்று திணறினேன். "ஒண்ணும் வாணாம். உன் பொண்ணு பாஸாச்சுன்னா வந்து சொல்லிட்டுப் போ. எனக்கும் தெரியணுமில்ல, இத்தினி வருசமா இன்னாத்த உடச்சிக்கினு இருந்தேன்னு."

நான்காம் நாள் காலை வீட்டில் சோற்றுக் கஞ்சியால் இருபத்திரண்டு துண்டுகளையும் இருபத்திரண்டு கற்களில் ஒட்டினேன். என்னுடைய ஒட்டு அவளுடையதைவிட நேராக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். கொரட்டூரில் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். எல்லாரும் தண்டவாளத்தைக் கடந்தார்கள். நான் மட்டும் இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்தேன். பின்னால் வந்த ஒருவர், "ரயில் வந்தா சொல்லி அனுப்புவாங்க சார், போங்க" என்றார். ஏரி நிறைந்து சாலைக்குச் சமமாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

மைத்துனர் கதவைத் திறந்து, "வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கமலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சுட்டீங்க" என்றாள். வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். "அவ பரீட்ச முடியட்டும்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

வாசுகி மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் செய்தித்தாள் விரித்து கற்களை வரிசையாக வைத்தேன். நிமிர்ந்தாள். கடல் முள்ளெலியைக் கையில் எடுத்தாள். அந்த ஒரு கணம் அவள் முகம் சின்ன வயதில் இருந்ததுபோல் ஆனது. "எங்கப்பா கெடச்சுது?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினாள். முதுகில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அடுத்ததை.

"இது கல்லங்குறிச்சிச் சிப்பிப்பா. இதுல காரை ஓடைன்னு ஒட்டியிருக்கு."

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானம்மா இருக்கு. நான் அளந்துகூடப் பாத்தேன்."

"ரெண்டு ஊரும் ஒரே கடல் இல்ல. நடுவுல கோடிக்கணக்கான வருஷம் கெடக்கு. இது எந்த அடுக்குல இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இது யாருன்னு தெரியும். தெரியலன்னா வெறும் அழகான கல்லு."

நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "வர்ற தேர்வாளருக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

அவள் கோபப்படவில்லை. "அவருக்குத் தெரியாமப் போகலாம். காலேஜ் அலமாரியில இது இருக்கும். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் எடுத்துப் பாத்து, காரையில இந்தச் சிப்பி இருந்துச்சுன்னு நம்பி எழுதுவான். நீங்க ஒரு உறுப்புமேல வேற உறுப்போட முத்திரையக் குத்துவீங்களாப்பா?"

இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூடச் செய்ததில்லை. அதை அவளும் அறிவாள். கமலா டீயை வைத்துவிட்டு, கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். வாசுகி ஒவ்வொரு துண்டாக நனைத்து எடுத்தாள். நானும் எடுத்தேன். கஞ்சி இன்னும் சரியாகக் காயவில்லை, சுலபமாக வந்தன.

பிறகு அவள் தன் ஆய்வேட்டிலிருந்து ஒரு பக்கத்தை என் பக்கம் நகர்த்தினாள். கையால் எழுதிய பக்கம். இருபத்து மூன்று மாதிரிகளின் எண்கள் இருந்தன. கீழே, 'இவை அழிந்துவிட்டன. வரைபடங்களும் அளவுகளும் மட்டும் உள்ளன. காரணம்' என்று எழுதி, மீதி காலியாக இருந்தது.

"விபத்துன்னு எழுதினேன். கிழிச்சிட்டேன். கைதவறிடுச்சுன்னு எழுதினேன். அதையும் கிழிச்சிட்டேன். நாலு நாளா இந்த எடம் காலியாவே இருக்கு." பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். "மார்க் கொறையும்தான். கொறையட்டும். எட்டுக் கல் இருக்கு."

எங்கள் பிரிவில் ஒரு உறுப்பு கெட்டுப்போனால் அதற்கு நிராகரிப்புச் சீட்டு எழுத வேண்டும். என்ன கெட்டது, எதனால், யாரால். மற்றவர்களுக்காக நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். என் பெயரை எழுதியதில்லை. எழுதினேன். மாதிரிகளைத் துருப்பிடித்தவை என்று தவறாக எண்ணி, மாணவியின் அனுமதியின்றி, அமிலத்தில் முக்கியது அவளுடைய தகப்பனார். பெயரும் வேலைப் பிரிவும் எழுதினேன்.

வாசுகி தோளுக்கு மேலிருந்து படித்தாள். "எந்த அமிலம்?"

எழுதினேன்.

"தண்ணி எவ்ளோ?"

அதையும் எழுதினேன்.

"நேரம்?"

இருபது நிமிடம். எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். அது எங்கள் சீட்டின் வழக்கம்.

அவள் முழுவதையும் இன்னொரு முறை படித்தாள். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதற்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் மை சீக்கிரம் காயவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவைக்க முடியாமல் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.